மண்ணில் இறங்காத ஜீப்

2005 ஆகஸ்ட். ஆத்தூர் அணையைப் பார்த்து எழுதலாம் என்று திண்டுக்கல்லில் காலை எட்டேகாலுக்கு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். செம்பட்டிக்கு ஏழு ரூபாய். அங்கிருந்து மினி பஸ்.

ஆத்தூர்ப் பக்கம் திரும்பிய கிளைச் சாலையில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குத்தான் தார். எதிரே வண்டி வந்தால் இருவருமே இடது சக்கரங்களை மண்ணில் இறக்க வேண்டும். எங்கும் எழுதாத இந்த விதியைச் செங்கல் லாரி மதித்தது. டிராக்டர் மதித்தது. முந்தின இரவு மழையில் ஓரமெல்லாம் சேறு. எங்கள் ஓட்டுநர் முருகேசன் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் பஸ் சாய, நின்றவர்கள் கம்பியை இறுக்கிக்கொண்டார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு மொபெட். கணவன் ஓட்ட, மனைவி மடியில் துணிமூட்டையோடு பின்னால். எதிரே புது ஜீப். ஆள் மார்பு உயரத்துக்கு முகப்பு, அதற்கும் முன்னால் இரும்புக் கம்பி, கூரையில் நான்கு விளக்கு. தாரின் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, விலகவே இல்லை. மொபெட் இறங்கியது. தார் விளிம்பிலிருந்து ஒரு சாண் பள்ளம். இருவரும் விழுந்தார்கள்.

முருகேசன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினார்.

"ஏனப்பு, காடு மேடெல்லாம் ஏறுற வண்டின்னுதான வாங்குன? ஒரு வீல மண்ணுல இறக்குனா என்ன?"

கறுப்புக் கண்ணாடி போட்டவர் இறங்காமலே சொன்னார்: "சேறா கெடக்குல்ல. நேத்துதான் வாட்டர் வாஷ் பண்ணேன்."

"அப்ப சேத்துல விழுந்த இந்தப் பிள்ளையவும் கழுவி விட்டுட்டுப் போ!" என்று ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"நான் இடிச்சனா? டச்சே ஆகல. டாக்ஸ் கட்டித்தான் ஓட்டுறேன்."

அவர் சொன்னது உண்மை. இடிக்கவில்லை. அந்த உண்மைதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. விழுந்த பெண் ஜெயாவின் வலது மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது.

"சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏத்த முடிச்சுப் போடுற கைங்கய்யா" என்றார் கணவர் சூசை, மூட்டையைப் பொறுக்கிக்கொண்டே.

அவர்களை ஏற்றிக்கொள்ள பஸ் ஒதுங்கியது. அந்த வழியில் ஜீப் போய்விட்டது. நான் அணைக்குப் போகவில்லை. அவர்களோடு போன ஆத்தூர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று கட்டுப் போட்டார்கள்.

இந்த மாதிரிச் சாலைகளில் பெரிய வண்டிகளைக் கட்டுப்படுத்தினால் லாரியை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. லாரிக்குச் சுமை இருக்கிறது. அதன் ஓட்டுநர் சக்கரத்தை இறக்குகிறார். மலைக்கும் காட்டுக்கும் என்று செய்த வண்டிக்கு ஒற்றைத் தாரில் என்ன வேலை? மலைத்தோட்டம் வைத்திருப்பவர் காரணம் காட்டி அனுமதி வாங்கட்டும். இந்த வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இந்தச் சாலைகளை மூட வேண்டும். அந்த இரும்புக் கம்பி எந்தச் சாலைக்குமே ஆகாது.

மாலையில் கிளம்பியபோது ஜெயா கேட்டார்: "அண்ணே, சின்னாளப்பட்டி வழியாத்தான போவீக? இந்தத் துணிய ஏவாரிகிட்ட குடுத்துருங்க. ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்டது, வேற ஆளு முடிச்சுப் போடட்டும். கை சரியானப்பறம் எனக்குத் தருவாரான்னு மட்டும் கேளுங்க."

மூட்டையோடு அதே மினி பஸ்ஸில் திரும்பினேன். அவர்கள் விழுந்த இடத்தில் முருகேசன் வேகத்தைக் குறைத்தார். சாலையின் இரண்டு ஓரங்களையும் பார்த்தேன். காலையில் நாங்கள் போன பக்கம் எங்கள் பஸ்ஸின் தடம், மொபெட் சறுக்கிய கோடு. ஜீப் இறங்கியிருக்க வேண்டிய எதிர் ஓரத்தில் மழை விட்டுப்போன சேறு அப்படியே கிடந்தது.