மேடைக்கு வந்த செருப்பு

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ர, ற இரண்டோடும் இன்றுவரை தகராறுதான். எங்கள் டிரம்ஸ்காரன், கிளியனூரில் பைக் மெக்கானிக், "பாட்ட நெட்ல போடணும்ண்ணா, கீழ உன்னப் பத்தி நாலு வரி எழுதிக் குடு" என்று வெகுநாளாகக் கேட்கிறான். நாலு வரியில் அடங்காது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நானும் என் மனைவியும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறோம். நான் உப்பு வாருவேன், அவள் கூடையில் சுமந்து கொட்டுவாள். பாட்டு என்பது எனக்குப் பாண்டிச்சேரியில் தொற்றியது. உப்பு மூட்டை இறக்கப் போன இடத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து எலக்ட்ரிக் கிட்டார் சத்தம் வந்தது. லேத் பட்டறையில் இரும்பு அறுக்கிற மாதிரி இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. முதுகில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "ஏம்பா, மூட்டை உனக்கு கனமா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

பிறகு ஒரு பழைய கிட்டார் வாங்கி, போனில் வீடியோ பார்த்து மழைக்காலத்தில் பழகினேன். அதற்கு ராக் என்று பெயர் என்பதை மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் கட்டிய முதல் பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

வெயிலே வெயிலே கொஞ்சம் நில்லு
தண்ணி குடிச்சிட்டு வர்றேன்
அப்பறம் வச்சிக்கலாம் சண்டைய

என் மனைவி கேட்டுவிட்டு, "வெயிலத் திட்டி பாட்டு கட்டுறியே, அது கோச்சிக்கினு போச்சின்னா உப்பு எப்பிடியா விளையும்?" என்றாள். ஆனாலும் கூடை சுமக்கும்போது அவள் வாயில் அந்தப் பாட்டுதான் ஓடியது.

உப்பளத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது. எல்லாரும் குனிந்துதான் வேலை செய்வார்கள், யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். நாலு பேர் முகத்துக்கு நேராக நின்றால்தான் எழுந்து ஓடத் தோன்றும். பிரம்மதேசத்தில் ஒரு விழாவில் பாடக் கூப்பிட்டபோது மைக் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த இடத்தில், ஒன்றுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். கிட்டாரை மறுநாள் மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அதன் பிறகும் அவனே பொம்மையார்பாளையத்தில் ஒரு இடம் பிடித்தான். ரோட்டோரக் காப்பிக் கடை, தோட்டத்தில் சின்ன மேடை. ஒரு பாட்டு நன்றாகப் போனால் மாதம் ஒரு சனிக்கிழமை மேடை எங்களுக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"இந்த வாட்டியும் ஓடிட்டன்னா, நான் கல்யாணக் கச்சேரி செட்ல சேந்துக்கிறேன்ண்ணா. தப்பா நெனைக்காத" என்றான் மெக்கானிக்.

என் மனைவியும் கூட வந்தாள். "நான் மேடையாண்ட நிக்கவா, பஸ் ஸ்டாப்பாண்ட நிக்கவா?" என்று கேட்டாள்.

மேடையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. உப்புப் பாத்தியில் நாங்கள் செருப்போடு இறங்க மாட்டோம்; மண் ஒட்டினால் உப்பு கறுத்துவிடும். அந்தப் பழக்கம். மேடைக்குப் பின்னால் படியிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். செடிக்கு விட்ட தண்ணீரில் துணி நனைந்திருந்ததைப் பயத்தில் கவனிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை மீட்டினேன். வெயிலே என்று வாயைக் கொண்டுபோனேன். உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்று கரண்ட் அடித்தது. ஐயோ என்று கத்திக்கொண்டு பின்னால் குதித்தேன். மெக்கானிக் அதைப் பாட்டின் ஆரம்பம் என்று நினைத்து டிரம்ஸை அடித்து நொறுக்கினான். ஜனங்கள் கை தட்டினார்கள். மறுபடி போனேன், மறுபடி அடித்தது. மூன்றாவது முறை மைக் பக்கம் போகவே கால் வரவில்லை. படி எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

அப்போதுதான் ஒரு ரப்பர் செருப்பு பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாடுகிறவனைப் பிடிக்காமல் யாரோ செருப்பை வீசிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். மெக்கானிக் குச்சியோடு எழுந்து, "எவன்டா அது?" என்றான்.

"எவனும் இல்ல, நான்தான்" என்றாள் என் மனைவி. "போட்டுக்கினு பாடுயா. மோட்டார் கொட்டாயில மறக்காம போடுற இல்ல? இங்க மட்டும் இன்னா?"

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். யார் சுவிட்சைத் தொட்டாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். நான் கத்திக் குதித்ததைப் பார்த்து, கரண்ட் என்று அவளுக்கு மட்டும் புரிந்திருக்கிறது.

அத்தனை பேர் முன்னால் குனிந்து, அவளுடைய பூப்போட்ட செருப்பில் காலை நுழைத்தேன். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி செருப்பு வீசி, அதையும் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு இனிமேல் கூச்சப்பட என்ன இருக்கிறது? கண்ணைத் திறந்து, உதடு படாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாடினேன். உப்பளத்தில் பாடுவதைப்போலவே பாடினேன். இரண்டாவது முறை வெயிலே என்றபோது கூட்டமும் சேர்ந்துகொண்டது.

கடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எர்த் வயர் கழன்று கிடந்ததாம். மறுநாளே சரிசெய்துவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை எங்களுக்கு என்று ஆனது. இப்போது வேறு இரண்டு இடங்களிலும் கூப்பிடுகிறார்கள்.

கரண்ட் பயம் போய்விட்டது; ஆனால் அந்தச் செருப்பில்லாமல் எனக்குப் பாட்டு வருவதில்லை. அவள் கொண்டுவந்து மேடையில் வைத்த பிறகுதான் ஆரம்பிப்போம். தாமதமானால் கூட்டமே "அக்கா, செருப்பு" என்று குரல் கொடுக்கிறது.

"பாட்டு கேக்க வர்றாங்களா, என் செருப்பப் பாக்க வர்றாங்களா?" என்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஐப்பசி இருபது, வியாழக்கிழமை.