கிலுகிலுப்பையில் இருந்த கையெழுத்து

அடையாறில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்குக் கம்ப்யூட்டர் வராத வருஷங்கள் அவை. செக் வந்தால், தட்டிலிருந்து அந்தக் கணக்கின் கையெழுத்து அட்டையை உருவி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதையே செய்தேன். அதனால் எனக்குக் கையெழுத்து விஷயம் அத்துபடி என்று ஒரு பேச்சு. சுத்தப் புளுகு. மாசாமாசம் வருகிற பென்ஷன்காரர்களே ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை போட மாட்டார்கள். பாதி நாள் ஆளைப் பார்த்துத்தான் பாஸ் செய்வேன்.

அந்தப் பேச்சை நம்பித்தான் அந்தப் பெண் வந்தாள். கொட்டிவாக்கத்திலிருந்து வந்து மீன் விற்கிற அம்மாளின் மகள். அம்மாளுக்கு எங்களிடம் கணக்கு உண்டு. மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு மரக் கிலுகிலுப்பையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். கைப்பிடியில் நீல மையில் ஒரு பெரிய கட்சித் தலைவரின் கையெழுத்து. அழியாமல் இருக்க மேலே நெயில் பாலிஷ் பூசியிருந்தது.

"இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா, பாத்துச் சொல்லுங்க மேடம்."

கதை இதுதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தலைவர் வாயால் பெயர் வைக்க வேண்டும் என்று அவளுடைய அப்பா மெரினா கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நெரிசலில் அம்மாவால் உள்ளே நுழைய முடியவில்லை. குழந்தையோடு போனவர் பொழுது சாயத் திரும்பி வந்து, தலைவர் பெயர் வைத்தார், கிலுகிலுப்பையில் கையெழுத்தும் போட்டார் என்றாராம். குப்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத தமிழ்ப் பெயர். அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீடும் அதே கட்சி. கிலுகிலுப்பையைக் கல்யாண மேடையில் வைத்து மைக்கில் சொல்லப் போகிறார்களாம். தலைவருக்கு உதவியாளராக இருந்த ஒருவர் வேறு வருகிறாராம்.

"அவுரு பாத்துட்டு பொய்யின்னுட்டா எங்கம்மா அங்கியே உயிர உட்ரும் மேடம். எங்க நைனா எப்பப் பாரு கட்சி கட்சின்னு சுத்திக்கினு இருந்துச்சு. எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான். இதுவும் பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க, எங்கியாவது ஒளிச்சு வச்சுடறேன்."

எனக்கென்ன கிளி ஜோசியமா தெரியும்? முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் வீட்டுக்குப் போனேன்.

"ஆஃபீஸ்ல பாக்கறது போறாதுன்னு ஆத்துக்கும் எடுத்துண்டு வந்துட்டியா?" என்று கிண்டல் செய்த என் கணவர்தான், தெரிந்தவர்களிடம் சொல்லி அந்தத் தலைவரின் கையெழுத்துகள் மூன்றைத் திரட்டிக்கொண்டு வந்தார். ஒரு பொங்கல் வாழ்த்து, ஒரு பேச்சுப்போட்டிச் சான்றிதழ், ஓர் ஆட்டோகிராஃப் நோட்டு. மூன்றும் மூன்று தினுசு! வாழ்த்து அச்சடித்தது. சான்றிதழில் வேறு யாராவது போட்டிருக்கலாம். நோட்டில் இருப்பது நிச்சயம் தலைவர் போட்டது என்றார். சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்றால், அது மேஜைமேல் வைத்துப் போட்டது. இதுவோ உருண்டைக் கைப்பிடி, சுற்றிலும் ஜனக்கூட்டம். யாருக்குத்தான் கோணாது? காலையில் பார்த்தால் உண்மை என்று தோன்றும், காபி குடித்துவிட்டுப் பார்த்தால் பொய் என்று தோன்றும். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

நாலாம் நாள் அவளுடைய அம்மா பணம் எடுக்க வந்தாள். அட்டையை உருவினேன். புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் இருந்த கணக்கு. அம்மாளுடைய கைநாட்டுக்கு மேலே அவர் கையெழுத்து. எத்தனையோ தடவை பார்த்த அட்டைதான். புள்ளிகளெல்லாம் குட்டிக் குட்டி வட்டம். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு திரும்பி, பெயருக்கு அடியில் ஓடி, முடிகிற இடத்தில் ஒரு கொக்கி. கிலுகிலுப்பையிலும் அதே வட்டம், அதே கொக்கி. தலைவரின் மூன்றில் ஒன்றில்கூட அது கிடையாது. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"இன்னா மேடம், அப்டி பாக்குற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லைம்மா" என்று டோக்கனைக் கொடுத்தேன்.

மறுநாள் மகள் வந்து நின்றாள். கொக்கி ஒரே மாதிரி இருந்தால் ஆளும் ஒருவர்தானா? செக்காக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்திருப்பேன். செத்துப்போன மனிதரைப் பொய்யர் என்று சொல்ல அது போதுமா? ஒரிஜினல்தான் என்று சொல்லி, அங்கே அந்த உதவியாளர் உதட்டைப் பிதுக்கினால்? என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"மேடையில வைக்காதம்மா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது தலைவர் போட்டதில்லை. உங்க அப்பா கை மாதிரிதான் இருக்கு. அவ்வளவு கூட்டத்துல அவரால மேடைகிட்டயே போக முடிஞ்சிருக்காது."

அழுவாள் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். அவள் கிலுகிலுப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ எனக்குப் பேரு வச்சது எங்க நைனாவா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அந்தக் கூட்டத்துல என்னைத் தூக்கிக்கினு நின்னு, அதுவா யோசிச்சு வச்சுதா?"

"ஆமாம்மா."

"இன்னொரு தபா சொல்லுங்க மேடம்" என்றாள்.