இரண்டு ஜன்னலிலும் பிடி

பெட்டி கோப்பதில் அந்த டிரைவருக்கு நிகர் ரயில் யார்டில் யாரும் இல்லை. சரக்குப் பெட்டிகளைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் மெல்லச் சேர்த்துவிடுவார். ஃபயர்மேன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஒரே நீராவி எஞ்சினில் வருஷக்கணக்காக நின்றவர்கள். கரி அள்ளிப் போடுவது, மறுபக்க ஜன்னலில் தலையை நீட்டிக் கொடியைப் பார்த்துச் சொல்வது, ஊர் வம்பு அளப்பது எல்லாம் மச்சினன் பொறுப்பு.

ஒருநாள் சோதனை ஓட்டத்துக்கு டீசல் எஞ்சின் ஒன்று வந்தது.

"மாமா, பட்டனை அமுக்கினா கிளம்பிடுமாம். இனி விடியறதுக்கு முன்ன வந்து தீ மூட்ட வேணாம்!" மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வண்டி படாத பாடு படுத்தியது. கியர் மாறும்போதெல்லாம் ஓர் உதை. கடைசிப் பெட்டிவரை தடதடவென்று அதிர்ந்தது. கூடவே வந்திருந்த எஞ்சினியர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரப்பிய இணைப்பு ஒன்றைப் பொருத்தியதும் உதை அடங்கியது.

"வேற என்ன குறை?" என்றார் அவர்.

"அந்தப் பக்கத்து வளைவு தெரியல சார். எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்தே போச்சு. மச்சான் சொல்றான்தான், ஆனா நம்ம கண்ணால பார்க்கற மாதிரி வருமா? அங்கயும் வண்டி ஓட்டற பிடி ஒண்ணு வெச்சா நல்லாருக்கும்."

அடுத்து வந்த வண்டியில் இரண்டு ஜன்னலோரமும் பிடி இருந்தது. எந்தப் பக்கம் நின்றும் ஓட்டலாம். கரியும் இல்லை, மறுபக்கம் பார்க்க ஆளும் வேண்டாம். ஃபயர்மேன்களை வேறு இடங்களுக்கு மாற்றி உத்தரவு வந்தது.

"உங்க கழுத்து வலி எனக்கு உலை வெச்சிடுச்சே மாமா," என்று மச்சினன் சிரித்தான்.

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்படி ஆகும்னு தோணவே இல்லடா."

"தெரியும் மாமா. அக்காவப் பாத்துக்கோங்க."

அவன் தூரத்துத் துறைமுகமொன்றில் கிரேன் ஓட்டப் போனான். டீசல் வண்டி சொன்னபடி கேட்டது. "மச்சான், கொடி காட்டிட்டானா?" என்று டிரைவர் வாய் தானாகக் கேட்கும். பிறகு அவரே நடந்துபோய் மறுபக்கம் பார்ப்பார்.

"என்கிட்ட பேசுங்களேன்," என்பாள் மனைவி. பேசுவார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய பேச்சு வீட்டுக்குள் கொள்ளவில்லை.

கடைசியில் லீவு போட்டுத் துறைமுகத்துக்கே போனார். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான் மச்சினன். கீழிருந்து கையை ஆட்டினார். அவன் கண் சரக்கின் மேலேயே இருந்தது.

"ஷிஃப்ட் முடிய நேரமாகும் பெரியவரே," என்றார் காவலாளி.

"ஆகட்டும்."

டிரைவர் சுவரோரம் ஒதுங்கி, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.