படம் அவருடையது, தலை தங்கையுடையது

அழகு நிலையத்தில் முடி வெட்டும் அவளைத் தெருவே 'கத்திரியக்கா' என்றுதான் கூப்பிடும். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அன்றைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவளுடைய தங்கை. புற்றுநோய் மருந்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட, "மொத்தமா எடுத்துடு அக்கா" என்று வந்திருந்தாள். மழித்து முடித்ததும் தங்கை தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா அந்தத் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

மனைவிக்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்த புகைப்படக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை வெளியூரிலிருந்து அம்மாவின் போன். "பக்கத்து வீட்டுக்காரி ஒரு படம் காட்டுறா. மொட்டைத் தலையோட இருக்கிறது நம்ம சின்னவதானே? என்னடி மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

அம்மாவுக்கு இதய நோய். தங்கையின் வைத்தியம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தார்கள்.

கத்திரியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். படத்துக்குக் கீழே 'கண் கலங்கிவிட்டது' என்று ஊரே எழுதிக்கொண்டிருந்தது. அரைகுறையாக வெட்டிய தலையோடு ஒரு வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு, புகைப்படக்காரரின் ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

"நல்ல எண்ணத்துலதான் போட்டேன்மா. நான் எடுத்த படம், உரிமை என்னோடது."

"படம் உங்களோடதா இருக்கட்டும். தலை என் தங்கச்சியோடது. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அங்கேயே அழித்தார். ஆனால் படம் அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. செயற்கை முடி விற்கும் கடையொன்று அதை விளம்பரமாகவே ஆக்கியிருந்தது. நீக்கச் சொல்லி அவள் கடைக்கு எழுதினாள், பதிலில்லை. மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"உரிமை உங்களோடதுன்னு சொன்னீங்கல்ல? அதை வெச்சே படத்தை நீக்கச் சொல்லுங்க."

அவர் உடனே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதினார்: இது என் படம், அனுமதியில்லாமல் போட்டிருக்கிறீர்கள், நீக்குங்கள். விளம்பரம் அன்று மாலையே போயிற்று. மற்றவர்களில் சிலர் நீக்கினார்கள், சிலர் அசையவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா புறப்பட்டு வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்து, சின்னவளை விட்டு நகரவே இல்லை. ஒருநாள் தங்கை அக்காவிடம் சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மாகிட்ட நானே சொல்லணும்னு எத்தனையோ தடவை மனசுக்குள்ள பேசிப் பாத்து வெச்சிருந்தேன். அதைப் பிடுங்கிட்டாரு."

தங்கை தேறிவிட்டாள், வேலைக்கும் போகிறாள். கத்திரியக்காதான் இன்னும் ஓயவில்லை. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் அந்தப் படத்தைத் தேடிப் போனைத் துழாவுகிறாள். போன வாரம் அவளுக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ மொழிப் பக்கத்தில் படம் தலைகாட்டியது. அந்தப் பக்கத்தைப் புகைப்படக்காரருக்கு உடனே அனுப்பினாள். பதில் வருவதற்குள் இன்னொரு முறையும் அனுப்பினாள்.