பின்பக்கம் பட்டி வைத்த கவசம்

1

“யக்கா, எம்பொண்ணு அதுக்குள்ளயேதான் இருக்கா. வெளிய வர மாட்டேங்கா.”

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பரமசிவம், பட்டறைக் கதவை நான் முழுதாகத் திறப்பதற்குள் இதைச் சொன்னார். விசைத்தறியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். அவர் ‘அது’ என்றது நான் செய்து கொடுத்த ஒரு கவசத்தை. அவருடைய இளைய மகள் நிவேதா, மதுரையில் நடக்கப்போகும் வேஷப் போட்டிக்காக என்னிடம் கேட்டு வாங்கிப்போனது. விண்வெளிப் படைவீரர் போடுகிற மாதிரி, தலையிலிருந்து முழங்கால் வரை மூடுவது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “புதுசுல அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் வெயில்ல வெந்தா தானா கழட்டிருவா” என்றேன்.

“பள்ளிக்கூடம் லீவு விட்டதுலேர்ந்து இதே கததான். காலைல போட்டா ராத்திரி படுக்கப் போறப்பதான் கழட்டுதா. அதுகூடப் பரவாயில்லக்கா. அவ அம்மா அதுகூட உக்காந்து பேசுதா. பெரியவ பேரச் சொல்லிப் பேசுதா.”

அவருடைய பெரிய மகள் அனிதா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்தக் கவசத்தை எதன் மேல் வைத்துச் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். பரமசிவத்துக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. பேய்க்கதை தேடி வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் என் கை சில்லென்றுதான் ஆகிறது.

2. டெலிவரி ஆகாத பாசிட்டிவ்

எங்கள் பட்டறையில் செய்தது கால் விளங்காதவர்களுக்குக் காலில் மாட்டும் காலிப்பர், முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு உடம்பைச் சுற்றி அணைக்கும் பிரேஸ். பெண்பிள்ளைகளுக்கு அளவெடுப்பது என் பொறுப்பு. மெல்லிய பனியன் துணியை மாட்டி, நனைத்த மாவுக்கட்டு பேண்டேஜை மார்பிலிருந்து இடுப்பு வரை சுற்ற வேண்டும். இறுகியதும் வெட்டிக் கழற்றினால் அது நெகட்டிவ். அதற்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்தப் பிள்ளையின் உடம்பு வெள்ளையாக எழுந்து நிற்கும். அதுதான் பாசிட்டிவ். பிளாஸ்டிக் ஷீட்டை ஓவனில் இளக்கி அதன் மேல் போர்த்தினால் பிரேஸ் தயார். நோயாளி பிரேஸை வாங்கிப் போனதும் பாசிட்டிவை உடைத்துவிடுவோம். தலையும் கையும் இல்லாத உடம்புகளை அடுக்கி வைக்க யாருக்கு ஆசை?

அனிதா எங்களிடம் மூன்று வருஷம் வந்தாள். வலது தோள் ஏறி, இடுப்பு இடப்பக்கம் தள்ளி நிற்பாள். பிரேஸ் அழுத்துவதால் ஒரே மூச்சில் பேச வராது. இரண்டு வார்த்தை சொல்லி, மூச்சு வாங்கி, அப்புறம் மிச்சத்தைச் சொல்வாள். எப்போதும் மாவும் தூசுமாக இருப்பேன் என்று என்னை ‘மாவுக்கா’ என்பாள். அவளைத் தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வளர்ந்துவிட்டாள் என்று இரண்டாவது பிரேஸுக்கு அளவெடுத்தோம். பிரேஸ் முடிந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தகவல் வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பிரேஸ் டெலிவரி ஆகாததால் பாசிட்டிவை உடைக்க யாருக்கும் கை வரவில்லை. சாக்கு போட்டு மூடி, ஓவனுக்குப் பின்னால் நிறுத்தினோம். பட்டறையைக் கூட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரமாகக் கூட்டிவிட்டு வருவேன்.

3. மலிவாக ஒரு கவசம்

நிவேதா வந்து நின்றபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவோடு வந்து ஸ்டூலில் காலாட்டிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை இப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். “ஆன்லைன்ல இது பைக் விலை சொல்லுதான் ஆன்ட்டி. எங்கிட்ட உண்டியல்காசுதான் இருக்கு. அக்காவுக்குப் பண்ணுனீங்கள்லா, அதே பிளாஸ்டிக்ல பண்ண முடியாதா?”

முடியும் என்றேன். எங்களிடம் வெட்டி மிஞ்சிய ஷீட் மலைபோலக் கிடந்தது. தோளுக்கும் தொடைக்கும் செருப்புக்கு அடி வைக்கிற ஈ.வி.ஏ. ஷீட் போதும். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னில் காட்டி முழங்கையில் வைத்து வளைத்தால் அப்படியே நிற்கும். ஓரங்களை ரப்பர் பசை போட்டு ஒட்டலாம். கழுத்துக் குழாய்க்கு வாஷிங் மெஷினின் தண்ணீர் ஹோஸ். முழங்காலுக்குப் பழைய காலிப்பரின் மடக்குப் பூட்டு. தலைக்கு அவள் மாமாவின் கண்ணாடி வைத்த பழைய ஹெல்மெட். உள்ளே வேகாமலிருக்க கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேன் ஒன்றை பேட்டரியோடு பொருத்தினோம். முதலில் கறுப்பு பெயின்ட், காய்ந்ததும் ஓரங்களில் மட்டும் விரலால் வெள்ளி பெயின்ட். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் தேய்ந்த இரும்பு தோற்றுப்போகும்.

செலவு வைப்பது மார்புப் பகுதிதான். அதற்கு அளவெடுக்க பேண்டேஜ், மாவு, ஒரு முழு நாள் வேலை. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

“அக்காவோட உருவம் இன்னும் இருக்குன்னு முதலாளி அண்ணாச்சி சொன்னாவளே. அதுல போட்டா என்ன? எனக்கும் அவ அளவுதான்.”

டேப் வைத்துப் பார்த்தேன். மார்பு, இடை, இடுப்பு மூன்றும் ஒன்றாகவே இருந்தன. டேப் சுற்றளவைச் சொல்லும், வளைவைச் சொல்லாது. அது எனக்குத் தெரியாததல்ல. இடப்பக்கக் குழியில் மாவு அப்பி நேராக்கிவிடலாம் என்றேன். “வேண்டாம் ஆன்ட்டி, அப்படியே போடுங்க” என்று பிடிவாதம் பிடித்தாள். “வேஷம்தானம்மா, ஒரு நாள் கூத்து. கேட்டபடி பண்ணிக் குடு” என்றார் முதலாளி. முன்பக்கம் பிளவு தெரியக்கூடாது என்பதால், அக்காவின் பிரேஸில் இருந்த மாதிரியே மூன்று வெல்க்ரோ பட்டியையும் பின்பக்கம் வைத்தேன்.

4. ட்ரையல்

ட்ரையலுக்கு அம்மா செல்வியும் கூட வந்திருந்தாள். மகளுக்குக் கவசத்தை மாட்டினேன். ஹெல்மெட்டை அவளே போட்டுக்கொண்டாள். உள்ளே ஃபேன் ஓடத் தொடங்கியது. நாலு எட்டு நடந்து போய்த் திரும்பி நின்றாள்.

வலது தோள் ஏறியிருந்தது. இடுப்பு இடப்பக்கம் தள்ளியிருந்தது.

பிளாஸ்டிக் தள்ளினால் உடம்பு அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். அதற்காகத்தானே பிரேஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டு தூக்குக்குண்டை எடுத்து அவள் பிடரியிலிருந்து தொங்கவிட்டேன். அனிதாவுக்கு எவ்வளவு விலகி விழுமோ, நூல் அவ்வளவு விலகி விழுந்தது.

“எப்படி... இருக்கேன்?” என்றாள் உள்ளேயிருந்து. இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு.

மேல் பட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தது. இழுத்து ஒட்டப்போன என் கையைச் செல்வி ஒதுக்கினாள். எல்லாப் பட்டியையும் பிரித்து, நடுப்பட்டி, கீழ்ப்பட்டி, கடைசியாக மேல்பட்டி என்று அவளே இழுத்துப் போட்டாள். அந்த வரிசையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். முடித்துவிட்டுக் கவசத்தின் முதுகை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள்.

“போட்டி அன்னைக்கு மட்டும் போட்டாப் போதும், கேட்டியா” என்று நிவேதாவிடம் சொல்லி அனுப்பினேன்.

5. கரிவலம்

பரமசிவம் வந்து சொன்ன அன்று அவரோடு அடுத்த பஸ்ஸிலேயே போனேன். “நீங்க கழட்டி விட வேண்டியதுதானே?” என்று வழியில் கேட்டேன்.

“போனேன்க்கா. அவ அம்மா ஒரு பார்வ பாத்தா. இவளும் ‘வேண்டாம்ப்பா, அம்மா சாப்பிடுதால்லா’ன்னுட்டா. பெரியவ போனதுலேர்ந்து செல்வி ஒழுங்கா ஒருவேள சாப்பிட்டதில்ல, பேசுனதில்ல. இப்ப நல்லாச் சாப்பிடுதா. நான் என்ன செய்ய?”

நல்ல பகல். வெயில் வாசல் வரை வந்து கிடந்தது. நடுவீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. நான் செய்த பொருள்தான், எந்த இடத்தில் என்ன பசை போட்டேன் என்பது வரை தெரியும். இருந்தும் நிலையைத் தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. செல்வி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“அனிதாவுக்குக் கீரைன்னா உசுரு. அதான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது. “வாங்க... மாவுக்கா” என்றது.

அக்கா வீட்டில் சொல்லித் தங்கை கேட்டிருப்பாள். வேறு எப்படித் தெரியும்? இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது எனக்கு உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது.

“நிவேதா” என்று கூப்பிட்டேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. செல்வி எழுந்து போய்த் தட்டில் சோறு பிசைந்து வந்தாள். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, ஓர் உருண்டை ஊட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கினாள். மறுபடி தள்ளினாள், ஊட்டினாள், இறக்கினாள். உள்ளே இருக்கிற முகத்தை அவள் பார்க்கவே இல்லை. வாய் இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தாள். பரமசிவம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். மூன்று பட்டியும் முதுகில் இறுக ஒட்டியிருந்தன. தோள்கவசம் போட்ட கை அங்கே எட்டாது. இன்னொருவர் கழற்றிவிட்டால்தான் உண்டு. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கை நாற்காலியின் ஓரமாக, அம்மாவுக்குத் தெரியாமல், மெதுவாகப் பின்னால் வந்தது. என் முந்தானையைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை.

6. அரை மணி நேரம்

அவளுக்கு வளர்கிற வயசு. இன்னும் ஒரு மாதம் இதே கூட்டுக்குள் விட்டால் அந்த முதுகை நேராக்க நான்தான் பிரேஸ் செய்ய வேண்டிவரும். ஆனால் கத்தினால் செல்வி உடைந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது தொழில்தான். பிரேஸ் கொடுக்கும்போது எல்லாத் தாய்மாரிடமும் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“செல்வி, பிரேஸக் கழட்டுனதும் என்ன பாக்கச் சொல்லிருக்கேன்?”

சோறு பிசைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள். “செவப்பு பாக்கணும். அர மணி நேரத்துல மறையணும். மறையலன்னா ஒங்ககிட்ட கூட்டிட்டு வரணும்.”

“பாத்தியா?”

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“இப்பப் பாரு. நான் இருக்கேன்லா.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். மேல்பட்டி, கீழ்ப்பட்டி, நடுப்பட்டி. கிர்ரென்று மூன்று சத்தம். கூடு இரண்டாக விரிந்தது. உள்ளே டீ-ஷர்ட் வியர்வையில் தோலோடு ஒட்டியிருந்தது. அதைச் செல்விதான் பிரித்துத் தூக்கினாள். இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. நடுவில் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. ஹெல்மெட்டை மட்டும் அந்தப் பிள்ளை கழற்றவில்லை.

செல்வி பின்னால் தரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். தெருவில் பால்காரர் வண்டி வந்து நின்றது, யாரும் போகாததால் அவரே கிளம்பிப் போனார். செல்வி விலாவுக்குப் பக்கத்தில் குனிந்து வாயால் ஊதினாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அவளுக்கு எப்பவும் மறைஞ்சிரும்க்கா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இது மறையலியே” என்றாள்.

அவளாக வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“நிவேதா” என்றாள். “வலிக்குதாட்டி?”

“வலிக்குதும்மா.”

“சொல்ல வேண்டியதுதானே. ஏன்ட்டி சொல்லல?”

ஃபேன் சத்தத்துக்கு நடுவில், மூச்சு வாங்காமல், ஒரே வரியாகப் பதில் வந்தது.

“நீ பேசிட்டிருந்தேல்லாம்மா.”

செல்வியே ஹெல்மெட்டைப் பிடித்துத் தூக்கினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எழுந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை. பரமசிவத்தை உள்ளே அனுப்பிவிட்டு, கூட்டை உரச்சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சாக்கில் என்ன என்று கேட்டாள். பிளாஸ்டிக் என்றேன்.

7. வேஷத்துக்கு வருகிறவர்கள்

நிவேதாவின் புண் ஆற நாளாயிற்று. மதுரைப் போட்டி போய்விட்டது. அடுத்ததற்கு அவள் உடம்பிலேயே அளவெடுத்துச் செய்து கொடுத்தேன். அளவெடுக்கும்போது செல்வி பக்கத்தில் நின்று, “நேரா நில்லு நிவேதா, நேரா நில்லு” என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளைக்குச் சலித்துப்போயிற்று.

இப்போது வேஷத்துக்கு என்று நிறையப் பேர் வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ரீல்ஸ் எடுக்கிறவர்கள். என்னிடம் வேலை கற்கிற பிள்ளைகளும் அவர்களை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போட்டிருப்பது வேஷமா வைத்தியமா என்று முதுகெலும்புக்குத் தெரியாது. அதனால் யார் வந்தாலும் அவரவர் உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும், மாட்டிக் கழற்றி அரை மணி நேரம் உட்காரவைத்துச் சிவப்பு பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். “வீட்டுல இத யாரு கழட்டி விடுவா?”

அம்மா, தங்கச்சி, ஹாஸ்டல் ரூம்மேட் என்று எதையாவது சொல்வார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டு, பட்டியை முன்பக்கம் வைத்துத் தைத்துவிடுவேன்.