பார்வன் ஆற்றில் நாகேஸ்வரி

ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு பெரிய பண்டகசாலையில் நாகேஸ்வரி பதினொரு வருடமாகச் சாமான் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். வயது நாற்பத்தொன்பது, உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கண்ணாடிச் சாமான்கள் வந்து இறங்கும் நாளில் மேற்பார்வையாளர் அவளைத்தான் தேடுவார். ஆறாவது தட்டுக்கு ஏற்றினாலும் பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்காது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் வைத்தால் கவுன்சில் லொறி வந்து அள்ளிப் போகும் வாரத்தில், பக்கத்துத் தெருவில் ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் மஞ்சள் கயாக் ஒன்று குப்புறக் கிடந்தது. அடியில் விரலளவு வெடிப்பு. அவள் அந்த வீட்டு ஆட்களிடம் கேட்டுவிட்டு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வந்தாள். கணவர் தருமராசா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். வாசலில் நின்று பார்த்தவர், “உமக்கு விசர் பிடிச்சிட்டுதோ?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருவரும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அகதிப் படகில் இருபத்தொரு நாள் கடலில் கிடந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு கடற்கரைக்கு எவர் கூட்டிப்போனாலும் தருமராசா கார் நிறுத்துமிடத்தைத் தாண்டமாட்டார். நாகேஸ்வரிக்கு வேறு மாதிரி. அந்த இருபத்தொரு நாளும் அவள் படகின் அடித்தட்டில் சாமான் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தவள். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது கரை சேருவோம் என்று எதுவும் தெரியாது. துடுப்பு தன் கையிலேயே இருந்தால் தண்ணீர் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வெடிப்பை அடைத்து, வெரிபீ ஆற்றின் அசையாத தண்ணீரில் ஒரு கோடைகாலம் முழுவதும் பழகினாள். அடுத்த கோடையில் தூண்டிலும் மீன்பிடி அனுமதியும் வந்தன. பிறகு சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் பிடிக்க முடியாமல் போயிற்று.

போன மார்ச்சில், பார்வன் ஆறு கடலில் விழும் இடத்துக்கு சால்மன் கூட்டம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். இங்கே சால்மன் என்று சொல்லும் இந்த மீனுக்கும் தகரப் பேணியில் வரும் சால்மனுக்கும் பெயர் மட்டுந்தான் ஒன்று. இது கடல் மீன். கடல் பெருகும் ஏற்றத்தோடு ஆற்றுக்குள் நுழைந்து, திரும்ப வடியும் வற்றத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் சிறுமீன்களை வாய் பிளந்து பிடிக்கும். அதனால் நல்ல மீன்பாடு கிடைப்பதும் ஆறு கடலை நோக்கி ஓட்டமாய் ஓடும் நேரத்தில்தான். பாலத்துக்கு மேலே ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு அதைக் கடந்து, முகத்துவாரத்துக்கு முன்னால் இடதுகைப் பக்கத்து மணல் திட்டில் ஏறிவிட வேண்டும். தவறினால் அலைகளுக்குள் போக வேண்டியதுதான். இவ்வளவையும் அவள் தருமராசாவுக்கு விளங்கப்படுத்தினாள். அவர் வேனோடு மணல் திட்டருகே நிற்பதாக ஒத்துக்கொண்டார். தண்ணீர்ப் பக்கம் மட்டும் கூப்பிடக்கூடாது என்றார்.

காலை எட்டு மணிக்கு ஆறு வற்றத் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டு இறங்கியவளை நீரோட்டம் அப்படியே வாங்கிக்கொண்டது. துடுப்பு போட வேண்டியதே இல்லை, திசை திருப்பினால் போதும். பாலத்தின் மரத்தூண்களுக்கிடையே புகுந்து வெளியே வந்ததும், வலப்பக்கம் தண்ணீர் கொதிப்பதுபோல் சிறுமீன்கள் துள்ளுவது தெரிந்தது. சிறுமீன்போல மின்னும் வெள்ளித் தகடு கட்டிய தூண்டிலை அங்கே வீசி, நாலு சுற்றுச் சுற்றியிருப்பாள். தடி வளைந்தது. சால்மன் ஒருமுறை ஆளுயரத்துக்குத் துள்ளித் தலையை உதறியது. கயாக்கையே இழுத்துப் போகும் மீன். அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கீழே முப்பது முழம் தள்ளி ஒருவன் கத்துவது கேட்டது. புத்தம் புதிய நீலக் கயாக். ஓடுகிற தண்ணீரில் நங்கூரம் போட்டிருக்கிறான், அதுவும் பக்கவாட்டில் கட்டி. கயிறு விறைத்து நிற்க, கயாக் நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அவன் நங்கூரத்தைத் தூக்கலாமென்று அதே பக்கம் சாய்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் உள்ளே ஏறியது.

பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்பது நாகேஸ்வரிக்கு அன்றாட வேலை. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் கவிழும். அவள் மீன் வெட்டும் கத்தியை எடுத்துத் தன் தூண்டில் நரம்பை அறுத்தாள். நல்ல மீன் என்று ஒரு கணம் நெஞ்சு சொல்லத்தான் செய்தது. பிறகு துடுப்பை ஆழப் போட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் வாயில் “ஐயோ அம்மா” என்று வந்ததைக் கேட்டுத்தான் தமிழ் ஆள் என்று தெரிந்தது.

“தம்பி, கயித்த விடும். அறுத்து விடும்.”

“புது ஆங்கர்க்கா. கத்தியும் இல்ல.”

“மற்றப் பக்கம் சாயும். என்னைப் பார்க்க வேண்டாம், சாயும்.”

அவன் சாய்ந்தான். கயாக் கொஞ்சம் நிமிர்ந்தது. அவனைக் கடந்து போகும் அந்த ஒரு வீச்சில்தான் எதையும் செய்ய முடியும், திரும்பி வர ஆறு விடாது. நாகேஸ்வரி முன்பக்கமாக உரசிக்கொண்டு போய், இடக்கையால் அவன் கயாக்கின் கைப்பிடியைப் பற்றி, வலக்கையால் கயிற்றில் கத்தியை வைத்தாள். விறைத்த கயிறு தொட்டதும் அறுந்தது. இரண்டு கயாக்கும் ஒன்றோடொன்று ஒட்டியபடி முகத்துவாரத்தை நோக்கிப் பறந்தன.

இடதுபக்கம் மணல் திட்டு ஓடி வந்தது. “இப்ப போடும், இப்ப போடும்” என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் கண்ணை மூடிக்கொண்டு துடுப்பு போட்டான். திட்டின் கடைசி மூலையில் அவளுடைய கயாக்கின் மூக்கு மணலில் ஏறியது. அவனுடையதோ பின்பக்கமாகச் சுழன்று ஓட்டத்துக்குள் திரும்பப் போனது. அதன் முன்கயிற்றை ஒரு கை பிடித்து நிறுத்தியது. பார்த்தால் தருமராசா. காலுறை, சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

மூவரும் கயாக்குகளை மேலே இழுத்துப் போட்டு மணலில் உட்கார்ந்தார்கள். அவன் பெயர் கௌரிசங்கர். கோயம்புத்தூர்க்காரன், கணினி வேலை. கயாக் வாங்கி மூன்று வாரந்தான் ஆகிறதாம். நாகேஸ்வரி அவனைத் திட்டவில்லை. நங்கூரக் கயிறு பின்முனையிலிருந்துதான் போக வேண்டும், வற்றத்தில் அதையும் போடக்கூடாது, கத்தி நெஞ்சோடு இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து, காலையில் பிடித்த ஒரே சால்மனை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“வீட்டுக்குக் கொண்டு போனா வைஃபுக்கு வெட்டத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது.”

நாகேஸ்வரி அங்கேயே வெட்டினாள். இந்த மீனை உடனே இரத்தம் போகக் கழுவாவிட்டால் வாடை வந்துவிடும் என்று சொல்லி, தருமராசா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வேனில் தேத்தண்ணி வைக்கும் காஸ் அடுப்பு இருந்தது. மிளகாய்த்தூளும் உப்பும் தேசிக்காயும் வீட்டிலிருந்து வந்திருந்தன. பொரியலைப் பாண் ரொட்டித் துண்டுகளுக்குள் வைத்து மூவரும் தின்றார்கள். கௌரிசங்கர் நாலாவது துண்டு பாணையும் கேட்டு வாங்கினான்.

பதினொரு மணிபோல நீரோட்டம் தளர்ந்தது. நாகேஸ்வரி புதிய வெள்ளித் தகடு ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பவும் கயாக்கைத் தள்ளினாள். கௌரிசங்கர் இன்றைக்கு இது போதும் என்று கரையில் இருந்துவிட்டான். தருமராசா ஈரச் சப்பாத்தைக் கழற்றி வேனின் கூரையில் காய வைத்தார். பிறகு காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் தண்ணீருக்குள் வந்தார்.

“எவ்வளவு தூரம் போறீர்?”

“பாலத்தடிக்கு. நீங்கள் கரையில நில்லுங்கோ.”

“நிக்கிறன். இதில நிண்டால்தான் பாலம் தெரியுது,” என்றார், முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி.

பாலத்தடியில் அவளுக்கு இரண்டு சால்மன் விழுந்தன. இரண்டாவதை வலையில் அள்ளித் தூக்கிக் காட்டியபோது, தருமராசா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினார்.