காந்தத்தில் ஒட்டிய சட்டி நார்

மிளகளவு மஞ்சள் விளக்கு அது. எழுபதுகளில், மெல்பேர்னிலிருந்து அந்தாட்டிக்காவுக்குப் போன சரக்குக் கப்பலின் ஹெலிகொப்டரில், பறந்துகொண்டிருக்கும்போது எரிந்தது. எஞ்சின் எண்ணெய்க்குள் இரும்புத் துகள் வந்துவிட்டது, உள்ளே ஏதோ உடைகிறது, உடனே இறங்கு என்று அதற்கு அர்த்தம். இறங்குவதற்குக் கீழே பனி மட்டும் தாராளமாக இருந்தது.

ஓட்டியவர் யாழ்ப்பாணத்தவர், எனக்குக் கப்டன் அண்ணை. நான் மெக்கானிக். அந்தப் பக்கத்துக் கோடையில் சூரியன் மறைவதில்லை, ஆகவே வேலையும் முடிவதில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாத களைப்பு இருவருக்கும். அவர் பனியில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். நான் இறங்கிப்போய், எண்ணெயில் வரும் துகளைப் பிடித்துவைக்கும் காந்தத் திருகைக் கழற்றினேன்.

நுனியில் மயிர்போல ஒரு கம்பி. பார்த்தவுடனே யாருடையதென்று தெரிந்துவிட்டது. முந்தின நாள் கப்பல் குசினியில் நாங்கள் சோறு காய்ச்சி அடிப்பிடித்த சட்டியை இரும்பு நாரால் தேய்த்தவன் நான். மிச்ச நாரைப் பையில் போட்டுக்கொண்டு போய், அதாலேயே இந்தத் திருகையும் பளபளவென்று துடைத்திருந்தேன். காந்தத்தை இரும்பால் துடைத்த மேதை அந்தக் கண்டத்தில் நான் ஒருவன்தான். பென்குவின்களும் அப்படிச் செய்யா.

உண்மையைச் சொன்னால் என் லைசென்ஸ் போய்விடும். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். சொல்லாவிட்டால் எங்களை மீட்கக் கப்பலின் இரண்டாவது ஹெலிகொப்டர் கிளம்பும். வானமோ ஏற்கெனவே மூடிக்கொண்டு வந்தது. அண்ணை ரேடியோவைக் கையில் எடுத்தார்.

"கூப்பிடாதேங்கோ அண்ணை. எஞ்சினில ஒண்டும் உடையேல்லை. இது என்ர சட்டி தேய்க்கிற நார்."

கம்பியை நகத்தில் வைத்துப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப நீயும் ஏறு."

கம்பியைத் துடைத்தெறிந்து, திருகைத் திரும்பப் பூட்டிவிட்டு ஏறினேன். கப்பலைக் கேட்காமல் அந்த நிலையில் எழும்பக் கூடாது என்பது விதி. கேட்டால் மற்ற ஹெலிகொப்டர்காரரை அந்த வானத்துக்குள் அனுப்பிவிடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. வழி முழுக்க அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வடிவாக, நிச்சயமாகத் தெரியாது என்பது பாதி வழியில்தான் எனக்கே தெரிந்தது. விளக்கு எரியவில்லை.

கப்பலில் பதிவுப் புத்தகத்தை நீட்டி, உள்ளதை எழுது என்றார். எழுதினேன். கீழே, கேட்காமல் எழும்பியது தானென்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மெல்பேர்னில் இரண்டு பேருடைய லைசென்ஸும் முடக்கம். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினேன், கை பழகியிருந்தது.

கையெழுத்திட்ட அன்றே நன்றி சொல்லத் தொடங்கினேன். "களைப்பா இருக்கடா, பிறகு கதைப்பம்" என்றார். பிறகும் எப்போது தொடங்கினாலும் அதே பதில். போன வருடம் மெல்பேர்ன் புறநகர் கிரான்பர்னில் அவருடைய செத்தவீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழும்பினேன். என்னவோ, சரியான களைப்பு. திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.